ஆற்றுப் பக்க ஜன்னல்

செல்ல மகளுக்கு,

உன் அப்பாவின் பெயரைக் குழந்தைக்கு வைத்ததில் சந்தோஷம்தான். அடையாற்று வெள்ளத்தில் போனவரை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பாடம் நடத்தும் வகுப்பில் அதே பெயருள்ள பையனைக்கூட "ராஜா" என்றுதான் கூப்பிடுவேன்.

"கூப்பிட்டா அப்பா வந்துடுவாராம்மா?" என்று போனில் சிரித்தாய்.

செய்யாறு என்று ஆறும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. இங்கே அடையாறும் அப்படித்தான். ஊரைச் சொன்னால் ஆறு எழுந்து வருவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீங்கள் வருவதற்குள் பழகிக்கொள்ளலாமென்று, இன்று மாலை ஆற்றுப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரே ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

வெளியிலிருந்து யாரோ ஜன்னலைத் தட்டினார். நம் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது.

குழந்தையைச் சீக்கிரம் கூட்டி வா. இனி அந்தப் பெயருக்கு அவன்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

உன் வரவுக்காக விளக்கை அணைக்காமல் இருக்கும்,
அம்மா