களஞ்சியத்தில் ஏறாத பெயர்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நீயும் மகளும் நலந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை, வெயிலும் பனியும் பட்டு மூக்குத்தோல் உரிந்ததைத் தவிர.

இங்கே ஒரு வேடிக்கை. போன வருடம் நான் வழிகாட்டியாகச் சிகரத்துக்கு அழைத்துப்போன டீச்சரம்மா, இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதை வைப்பதா நீக்குவதா என்று முகம் தெரியாத ஆட்கள் அங்கேயே வாதாடினார்கள்.

"கூலிக்கு மலையேத்தி விடுறவரு. பேப்பர்ல ஒரு வரிகூட வரலையே" என்றார் ஒருவர்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூடச் சாக விடலைங்க" என்று டீச்சரம்மா மன்றாடினார்.

"அப்புறம் பேப்பர்ல எழுத என்ன இருக்கு?" என்று நீக்கிவிட்டார்கள்.

கூட வந்தவர்களைப் பனிப்புயலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கி வந்தானே என் பழைய முதலாளி, அவனுக்குப் படத்தோடு நீளமான பக்கம் இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி வந்த செய்திகள்தான் அதற்கு ஆதாரம்.

முகாம் சமையல்காரர் என்னைத் தேற்றினார்: "விடுங்கண்ணே, நீங்க ஒரு தடவ மலையிலேருந்து விழுந்தா உங்க பேரைத் தானா போட்டுருவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. கடையில் வாங்காதே, நீ பின்னியதுதான் வேண்டும். மகள் பாடம் படிக்கும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. நீ அவளை அதட்டுவதும் அதில் இருக்கட்டும்.

ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கிளம்புகிறேன். அப்பா பெயரைக் காணோமே என்று மகள் அழுதால், அது வராதவரை அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று சொல்.

உன் வீட்டுக்காரன்