ஜன்னல் வைத்த கவர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? பணம் சேர்ந்ததும் பல் கட்டிக்கொள்வேன் என்று போன வருடமே சொன்னாய். இன்னும் இடது பக்கமாகத்தான் மெல்லுகிறாயா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பணப் பேச்சைப் போனில் எடுத்தால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். விஷயம் இதுதான். நம் சலவைக் கடைக்குத் துணி போட்டுக்கொண்டிருந்த விடுதிக்காரர்கள் சொந்தமாக இயந்திரம் வாங்கிவிட்டார்கள். வாரம் நானூறு படுக்கை விரிப்பு வந்த இடத்தில் இப்போது நாலு தெருக்காரர்களின் சட்டைதான் வருகிறது. கடையை ஓட்ட ஒரு கார்டில் எடுத்தேன். அதைக் கட்ட இன்னொரு கார்டு. இப்போது மூன்று கார்டு, அதற்கு மேல் உலர்த்தும் இயந்திரக் கடன். ஒரு நாளைக்குப் பதினோரு போன் வருகிறது. உன் தம்பி பெண்டாட்டி போனை அழுக்குத் துணிக்கு அடியில் போட்டு வைக்கிறாள்.

கடன் தீர்வு கம்பெனி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். வங்கிகளுக்குக் கட்டுவதை நான் நிறுத்திவிட வேண்டுமாம். அதற்குப் பதிலாக மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும். அது சேரச் சேர, அவர்கள் ஒவ்வொரு வங்கியாகப் பேசிப் பாதித் தொகையில் முடித்துக் கொடுப்பார்களாம். ஒப்பந்த நகலை இதோடு வைத்திருக்கிறேன். பொடி எழுத்தைப் படிக்கிற பொறுமை நம் வீட்டில் உனக்குத்தான் உண்டு. பார்த்துச் சொல்.

பி.கு.: கொஞ்சம் நல்ல கவர் வாங்கேன். உன் இன்சூரன்ஸ் ஆபீசின் ஜன்னல் கவரில் நீ எழுதுவதால், உன் கடிதம் வந்தாலே இவள் பிரீமியம் பாக்கி என்று பயப்படுகிறாள்.

தம்பி

—

மார்ச் 11

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

என் கவரைக் குறை சொல்லாதே. போன் நம்பரைத் தப்பாக அச்சடித்து, குப்பைக்குப் போக இருந்த இரண்டு கட்டு அது. ஆபீஸ் தபால் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தவளுக்கு அதுகூடக் கிடைக்கக் கூடாதா? மடிக்கிற விதமாக மடித்தால் முகவரி ஜன்னலில் வந்து கச்சிதமாக நிற்கும். காசு கொடுத்துக் கவர் வாங்க எனக்கு மனசு வராது.

ஒப்பந்தத்தைப் பென்சிலோடு இரண்டு தரம் படித்தேன். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உனக்குப் பதில் இன்னொருவர் வங்கியோடு பேசுவார். பதினோரு போன் வருகிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. பாதியில் முடிந்தவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் நீ கட்டாமல் நிறுத்துகிற மாதங்களில் வட்டி தூங்காது. அபராதமும் ஏறும். எந்த வங்கியும் பாதிக்கு ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இந்தத் தாளில் எங்கேயும் இல்லை. ஒத்துக்கொள்ளாதவன் வழக்குப் போடலாம். அப்புறம் உனக்குப் பல வருடங்களுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். கம்பெனிக் கூலி நூற்றுக்குப் பதினெட்டு என்று போட்டிருக்கிறது. அது முன்கூட்டியா, ஒரு கடன் முடிந்த பிறகா? தனிக் கணக்கு யார் பெயரில் இருக்கும்? நடுவில் விலகினால் உன் பணம் உனக்கு வருமா? இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கு. அதற்கு முன்னால் நீயே ஒரு தடவை வங்கிக்குப் போய், முடியவில்லை, குறைத்துத் தவணை போடுங்கள் என்று கேட்டுப் பாரேன். அதற்குக் கூலி இல்லை.

இன்னொன்று. இயந்திரக் கடனுக்கு ஜாமீன் போட்டவள் நான். நீ கட்டாவிட்டால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அந்த ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதே.

பல் அப்படியேதான் இருக்கிறது. பணம் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது.

உன் அக்கா

—

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டேன். கணக்கு என் பெயரில்தான். விலகினால் பணம் எனக்கே. ஒரு கடன் முடிந்த பிறகுதான் அதற்கான கூலி. எல்லாம் எழுதியே கொடுத்தார்கள். வங்கிக்கு நானே போகச் சொன்னாய். வாசல் வரை போனேன், கால் உள்ளே போகவில்லை. திரும்பிவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று கார்டும் திட்டத்தில். இயந்திரக் கடன் வெளியே. அதன் தவணைப் பணத்தை மாதம் நாலாம் தேதியே அந்த வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன், ஐந்தாம் தேதி அவர்களே எடுத்துக்கொள்வார்கள். உன் வாசலுக்கு ஒரு ஈ காக்கா வராது.

அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஊழியர் ஒருவர், பொறுமையான மனிதர். "சார், இனிமே ஒரு போனும் நீங்க எடுக்காதீங்க. ஜன்னல் வச்ச கவர் எது வந்தாலும் பிரிக்காதீங்க, பிரிச்சா பயந்து கட்டிடுவீங்க. பையில போட்டு வெள்ளிக்கிழமை எங்களுக்கு அனுப்பிடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். பை தைக்கிற வேலையை இவளே எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பை அனுப்புவதும் அவள் பொறுப்பு. பழைய நம்பரை நிறுத்திவிட்டேன். நீ பதில் போடு, புது நம்பரை எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து நேற்றுதான் சாப்பாட்டு ருசி தெரிந்தது அக்கா.

தம்பி

—

ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டாய் என்று படித்ததும் சந்தோஷம். இப்போது உட்கார்ந்து படி, இது அவசரம்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு மனசு கேட்காமல் ஜாமீன் பத்திர நகலை எடுத்துப் பார்த்தேன். உன் மூன்று கார்டில் ஒன்று, இயந்திரக் கடன் கொடுத்த அதே வங்கியின் கார்டு. கார்டு பாக்கி நின்றால், உன் கணக்கில் இருக்கிற பணத்தை அதற்கு எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று பதினான்காம் பிரிவில் இருக்கிறது. நீ நாலாம் தேதி போடுகிற பணம் ஐந்தாம் தேதி தவணைக்குப் போகாது. கார்டுக்குப் போய்விடும். தவணை நிற்கும். நீ கட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பாய்.

உடனே அந்த ஒரு கார்டைத் திட்டத்திலிருந்து எடு. முடியாவிட்டால் தவணையைக் கவுண்டரில் நேராகக் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்கு. நம்பரும் அனுப்பு.

உன் அக்கா

—

ஜூன் 10

தம்பிக்கு,

ஏப்ரலில் எழுதினேன். மே மாதம் இரண்டு வரி எழுதினேன். எதற்கும் பதில் இல்லை. பழைய நம்பர் செத்துக் கிடக்கிறது.

ஏப்ரல், மே இரண்டு தவணை பாக்கி என்று மூன்றாம் தேதி வங்கியிலிருந்து ஒருவர் என் ஆபீசுக்கே வந்தார். தபால் பிரிவில் எல்லோர் முன்னாலும் என் பெயரைக் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, அவருக்கு மூணு நோட்டீஸ் போயிருக்கு, ஒரு பதில் இல்ல" என்றார். இரண்டு தவணையும் அபராதமும் கட்டிவிட்டேன். இனி வருவதையும் கட்டுவேன், என் கையெழுத்து அது.

கஷ்டம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே கொடுத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு என்னைக் கட்ட வைத்தாயே, அதுதான் ஆறவில்லை. இனி நான் எழுத மாட்டேன்.

அக்கா

—

செப்டம்பர் 6

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று அரையாண்டுக் கணக்குப் பார்க்கக் கம்பெனிக்குப் போனோம். கண்ணாடிக்காரர் ஒரு கட்டு கவரை என் முன்னால் வைத்தார். "இதெல்லாம் நம்ம திட்டத்துல இல்லாத ஆளுங்க அனுப்பினது சார். நாங்க பிரிக்கல, திருப்பி எடுத்துக்குங்க" என்றார். மேலே கிடந்தது உன் இன்சூரன்ஸ் ஆபீஸ் கவர். அதற்கடியில் இன்னும் இரண்டு. அவற்றுக்கும் அடியில் இயந்திரக் கடன் நோட்டீஸ் ஐந்து. அந்தக் கடனை உனக்காகத்தான் திட்டத்துக்கு வெளியே வைத்தேன். வெளியே வைத்ததால் அதன் நோட்டீஸையும் யாரும் பிரிக்கவில்லை.

தேதி வரிசையில் அங்கேயே பிரித்துப் படித்தேன். இவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுங்க, நான்தான் பையில போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. கையெழுத்துப் போட்டதற்கு உனக்குக் கோபம், அதனால்தான் எழுதவில்லை என்று நான் வீம்பாக இருந்தேன். உன்னைத் தெரிந்தவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

கம்பெனியைத் திட்டவும் வாய் வரவில்லை. சொன்னதைத்தான் செய்தார்கள். ஒரு கார்டு பாதியில் முடிந்தது. இரண்டாவது வங்கி வழக்குப் போட்டுவிட்டது. மூன்றாவது கார்டுக்காரன், அதே வங்கிதான், என் தவணைப் பணத்தைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் பிடி கொடுக்கவில்லை. கூட்டிக் கழித்தால் கொஞ்சம் லாபம்தான் அக்கா, நீ கட்டிய ஐந்து தவணையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

இன்று காலை அந்த வங்கிக்கு உள்ளே போனேன். செப்டம்பர் தவணையைக் கவுண்டரில் கட்டினேன். ரசீதையும், உனக்குத் தர வேண்டியதில் முதல் பங்கையும் இதோடு வைத்திருக்கிறேன். புது நம்பர் பின்பக்கத்தில். கோபம் போய்விட்டதா?

பல் கட்ட வைத்திருந்த பணம்தானே அது?

தம்பி

—

செப்டம்பர் 15

தம்பிக்கு,

ரசீதும் பணமும் வந்தன. ஆமாம், அந்தப் பணம்தான். இடது பக்கம் இன்னும் உழைக்கிறது, கவலைப்படாதே.

மூன்றாவது கார்டுக்கும் நீயே போய்ப் பேசு. உள்ளே நுழைந்துவிட்டாய், இனி என்ன? வழக்குத் தேதியை மட்டும் தவற விடாதே, போகாவிட்டால் அவர்கள் சொன்னதே தீர்ப்பாகிவிடும். எனக்குத் தர வேண்டியதை மாதம் பத்தாம் தேதி அனுப்பு, முடிந்ததை அனுப்பு. உன் வீட்டுக்காரியை அழ வேண்டாம் என்று சொல். நான் மடித்த கவர், அவள் என்ன செய்வாள்?

கோபம் போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். போகவில்லை. ஆபீசில் அத்தனை பேர் முன்னால் நின்றதும், நீ என்னைக் கைகழுவிவிட்டாய் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்ததும் ஒரு கடிதத்தில் போகாது. நம்பரைக் குறித்துக்கொண்டேன். இப்போதைக்குக் கூப்பிட மாட்டேன். கடிதம் போதும்.

நேற்றுக் கடைக்குப் போய் நூறு கவர் வாங்கினேன். ஜன்னல் இல்லாதது, காசு கொடுத்து. தனிப் பார்சலில் ஐம்பது உனக்கு வருகிறது. ஐம்பதிலும் என் முகவரியை நானே எழுதிவிட்டேன். உள்ளே எழுத வேண்டியதுதான் உன் வேலை.

உன் அக்கா