டாக்டரின் புது எண்

கிளிஃபர்ட்,

அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது. நான் பிங்கோ ஆட்டத்துக்குப் போகிறேன்.

கிளினிக்கோடு போட்ட போன் சண்டையில் ஜெயித்துவிட்டேன்! "கிளினிக்ல போய் என் மானத்த வாங்காதே" என்றாயே, போன வாரம் வாங்கினேன். வரவேற்பு மேசைக்கு எதிரே நின்றபடியே நிமிடத்துக்கு நிமிடம் காசு பிடுங்கும் அவர்களுடைய கூடுதல் கட்டண எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். காத்திருப்புப் பாட்டு ஓடியது.

"நேர்லதானே நிக்கிறீங்க, கட் பண்ணுங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"போன் வரிசையில இருக்கேன்மா, விட்டா இடம் போயிடும்" என்றேன்.

உட்கார்ந்திருந்த நோயாளிகளெல்லாம் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். அறை முழுக்க அதே பாட்டு! டாக்டரே வெளியே ஓடி வந்தார்.

இன்று சாதாரணக் கட்டணத்தில் புது எண் கொடுத்துவிட்டார்கள். "அங்க போன் போட்டா பகல் கொள்ளை" என்று இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, இனி அந்தச் சாக்கு செல்லாது.

மேவிஸ்

பி.கு.: நீ கூப்பிட மாட்டாய் என்று தெரியும். புது எண்ணில் முதல் ஆளாக நானே கூப்பிட்டு, நாளைக் காலை உன்னைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.