ஆணியில் தொங்கும் உன் ஸ்வெட்டர்

இன்று மதியம், நாம் உடை மாற்றும் அறையில் ஆணியிலிருந்து உன் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்தேன். நீ போன பிறகு எத்தனையோ முறை துவைத்தாகிவிட்டது. ஆனாலும் கழுத்துப் பக்கம் உன் தேங்காயெண்ணெய் வாசனை போகவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அறையில் ஏசி எப்போதும் வெடவெடக்க வைக்கும். முதல்முறை என்னைக் கூப்பிட்ட அன்று நீதான் இதைக் கழற்றி என் தோளில் போட்டாய். "இன்னாடி, இப்பவே நடுங்கினு கீற? குளுர்ல நடுங்குனாலும் பயந்துட்டேன்னுதான் நெனப்பானுங்க. இத்தப் போட்டுக்கோ." சொல்லிவிட்டுக் கூடவே வந்தாய். "உங்களைக் கூப்பிடலையே சிஸ்டர்" என்றார் மேனேஜர். "நான் பேச வர்ல சார். இவகூட நிக்க வந்தேன்" என்றாய். கத்துவதற்குத் தயாராக இருந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதிலிருந்து நம் வார்டில் அது வழக்கமாகிவிட்டது. எந்த நர்ஸைக் கூப்பிட்டாலும் ஸ்வெட்டர் அவளுக்கு, கூடப் போவது நீ. உள்ளே போனதும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வாய். "எத்தினி பேஷண்ட்டுக்கு நான் ஒருத்தி இருந்தேன்னு மொதல்ல பாருங்க சார், அப்பால தப்பச் சொல்லுங்க." அந்தக் கேள்வியால் சிலருக்கு வேலை மிஞ்சியது.

போன மழைக்காலத்தில், அடுத்த ஷிப்டுக்கு உன்னை மாற்ற வேண்டியவள் வராமல் டபுள் டூட்டி பார்த்துவிட்டு ஸ்கூட்டியில் படப்பைக்குக் கிளம்பினாய். வீடு போய்ச் சேரவில்லை. லாரிக்காரன்மேல் தப்பில்லை, நீதான் வண்டியில் கண்ணயர்ந்துவிட்டாய் என்றார்கள். கண்ணயராமல் என்ன செய்வாய்? எனக்கு உன்மேலும் கோபம்தான். எல்லாருக்காகவும் பேசிய வாய், "என்னால முடியாது, வூட்டுக்குப் போறேன்" என்று உனக்காக ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

இன்று காலை, ஒரகடத்துக் கம்பெனிப் பையன் ஒருவன், காலில் ஆபரேஷன் ஆனவன், கட்டிலிலிருந்து இறங்கப்போய் விழுந்துவிட்டான். தையல் பிரிந்துவிட்டது. நான் அப்போது மூச்சுத் திணறிய ஒரு பெரியவருக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருக்கும் செல்வி மறுகோடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான்.

தனியாகத்தான் போனேன். உன் கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நீங்க போன்ல பேசினு இருந்தீங்களாமே. நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போய்டுங்க" என்றார். என் போன் லாக்கரில் கிடந்தது. சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பெனி லைனில் ஆள் குறைத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இனி இந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்ப்பார்கள்?

திரும்பி வந்து ஸ்வெட்டரைக் கழற்றும்போது செல்வி ஓடி வந்தாள்.

"அக்கா, என்னையக் கூப்பிடுதாங்க. நீங்க போன் பேசுனதாச் சொல்லணுமாம். சொல்லலைன்னா எனக்கும் வேலை போயிருமாம். நான் என்னக்கா செய்ய?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஸ்வெட்டரை அவளுக்கு மாட்டிவிட்டேன். பட்டனையும் போட்டுவிட்டேன். "வா" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க விஷயம்தான் முடிஞ்சிபோச்சே, மறுபடி எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"நான் பேச வர்ல சார். இவகூட நிக்க வந்தேன்."

அவர்கள் சொல்லச் சொன்னதையே செல்வி சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், தேம்பித் தேம்பிச் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வேலையாவது மிஞ்சட்டும் என்றுதான். ஏசி நேராக என்மேல் அடித்தது. ஸ்வெட்டர் அவளிடம் இருந்தது. நடுங்கிக்கொண்டுதான் நின்றேன்டி, பயத்தில்தான். ஆனால் அவள் முடிக்கிறவரை நின்றேன்.

வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்வெட்டரை வாங்கி அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். நீ விட்டுப்போனதில் அது அங்கேயே இருக்கட்டும், உன் அந்த ஒரு வாக்கியம் என்னோடு வந்துவிட்டது. ஆனால் அடுத்த தடவை அவர்கள் கூப்பிடப்போவது செல்வியைத்தான். அன்றைக்கு அவள்கூட நிற்க நீயும் இல்லை, நானும் இருக்க மாட்டேன். எனக்கு வேலை போனதைவிட அதைத்தான் தாங்க முடியவில்லை.