கருமாதி அன்று போட்ட மேனேஜர்

என் உயிர் மாப்பிள்ளை செல்லையாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மைதானம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் இந்நேரம் யாரையாவது நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருப்பாய். அவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு இதைப் படி.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் கிளப்பின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்போகிறேன். நான் செய்த தப்பு ஊர் பார்க்கச் செய்தது, ஒப்புக்கொள்வதும் ஊர் பார்க்கத்தான் இருக்க வேண்டும். உன் மனைவி வள்ளிக்கண்ணுவிடமும் உன் மகன் கார்த்தியிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்கண்ணே, ஆனா அவுகள ரொம்பப் பொறுமைசாலின்னு எழுதிப்புடாதீங்க, யாரும் நம்ப மாட்டாக" என்றாள் வள்ளிக்கண்ணு.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. கிழக்குக் கோல்போஸ்டுக்கு வெள்ளையடித்தோம். இந்த வருஷம் கண்மாய் நிறைந்துவிட்டதால், அந்தப் பக்கம் பந்து போனால் எடுக்க நீச்சல் தெரிந்த ஒருத்தன் எப்போதும் தயாராக நிற்க வேண்டியிருக்கிறது. அவனைத்தான் நம் அணியின் சிறந்த வீரன் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். சொல்லமாட்டார்களா? போன மாதம் வரை ஒன்பது ஆட்டம் ஆடினோம். எட்டில் தோற்றோம். ஒன்றில் மழை வந்து ஆட்டம் நின்றுபோக, போனால் போகிறதென்று சமன் என்று எழுதிக்கொண்டார்கள்.

மேனேஜரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நாலாவது தோல்வியிலேயே ஆரம்பித்துவிட்டது. நம் கிளப்பில் மேனேஜர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான், பயிற்சி கொடுப்பதும் அவர்தான், பந்துக்குக் காற்று அடிப்பதும் அவர்தான். இருபது வருஷம் நீ செய்தாய். இப்போது கார்த்தி செய்கிறான், அல்லது போன மாதம் வரை செய்துகொண்டிருந்தான். குவைத்தில் இருக்கும் நம் பழைய கோல்கீப்பர் அடைக்கலம், வாட்ஸப்பில் வாரம் தவறாமல் பேசி அனுப்புவான். வெளிநாட்டில் நாலு ஆட்டம் தோற்றால் மேனேஜரைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுகிறார்களாம், நாம் மட்டும் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று கேட்பான். ஒருத்தரும் பதில் போட மாட்டோம். காரணம் எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். பந்தலில் கார்த்தியை உட்காரவைத்து, வள்ளிக்கண்ணுவின் கூடப்பிறந்த அண்ணன் தலையில் உருமா கட்டினார், இனி வீட்டுக்கு அவன்தான் என்று. தாய்மாமன் கட்ட வேண்டியதுதான், முறை. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி என்னை வாய் நிறைய அண்ணே என்பாள், உன் மகன் மாமா என்பான், நீயும் நானும் முப்பது வருஷம் மாப்பிள்ளை மச்சான் என்றே பேசிக்கொண்டோம். ஆனால் நான் மாதா கோயில் தெரு ஞானப்பிரகாசம். அந்தப் பந்தலில் எனக்கென்று செய்ய ஒரு காரியமும் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை, மாப்பிள்ளை. இன்றைக்குத்தான் இதைச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

உன் படத்தில் மாலையோடு உன் விசிலும் தொங்கியது. விறுவிறுவென்று போய் அதை எடுத்துக் கார்த்தி கழுத்தில் போட்டேன். "இனிமே டீமும் ஒன்னுதுதான் மாப்ள" என்றேன். பந்தலே அழுதது. அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மேனேஜரைக் கூட்டம் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம் விதியில் இருக்கிறது. கிளப்புக்குச் செயலாளர் நான். வீடு வாசல் கைமாறுவது மாதிரி அணியையும் கைமாற்றிவிட்டேன். அவனிடம் விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? யாராவது கேட்டோமா?

கார்த்தி ஒரு நாள்கூடத் தவறவில்லை. திருமயத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்ததும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து நேரே மைதானத்துக்குத்தான் வருவான். நீ செய்ததையெல்லாம் அப்படியே செய்வான். நீ கத்திச் சொன்னதை அவன் மெதுவாகச் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம். இடது பக்கத் தடுப்புக்கு ராசேந்திரன்தான். அவனுக்கு முட்டி போய், திரும்புவதற்கே நேரம் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. எதிரணிக்காரர்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் மெயின் ரோடு மாதிரி. மாற்றலாமே என்று ஒரு தடவை கேட்டேன். அப்பா போட்ட ஆளு மாமா என்றான்.

யோசித்துப் பார்த்தால் அதுவரை நீதான் மேனேஜர். அத்தனை ஆட்டமும் தோற்றது நீதான். உன்னை எடுக்கத்தான் எங்களுக்கு மனசு வரவில்லை.

எட்டாவது தோல்விக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவானது. அதற்கு முன்னால் கார்த்தியிடம் தனியாகப் பேசிவிடலாம் என்று சனிக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. வள்ளிக்கண்ணு காப்பி கொடுத்தாள். கூட்டத்தைப் பற்றி நான் சுற்றி வளைத்து ஆரம்பிக்க, அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"திருச்சி ஆஸ்பத்திரியில வேல வந்துருக்குண்ணே. நல்ல வேல. பத்தாந்தேதிக்குள்ள சேரணுமாம். சாயங்காலம் பந்தாட்டம் இருக்கு, போகலேங்கிறான். அவனுக்குப் பந்தாட்டமே புடிக்காதுண்ணே. சின்ன வயசுலேருந்தே புடிக்காது."

பத்தாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. பிடிக்காதவன் ஏன் இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"கருமாதியன்னைக்கு ஊரே பாக்க ஒங்க கையால போட்டீங்க. அத அவன் எப்பிடிண்ணே கழட்டுவான்?"

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினோம். எல்லோரும் கார்த்தியைப் பார்க்காமல் பேசினார்கள். பாதிப்பேர் இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். செல்லையா மகனை எடுத்துவிட்டு வள்ளிக்கண்ணு முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவர்கள் கவலை. மீதிப்பேர் மரியாதை வேறு ஆட்டம் வேறு என்றார்கள். ராசேந்திரன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் பிடிபடவில்லை.

நான் எழுந்து, இந்த நியமனமே செல்லாது, கூட்டம் போடாமல் நான் செய்தது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். தீர்மான நோட்டில் அதை என் கையாலேயே எழுதினேன். பிறகு கார்த்தியிடம், அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறேன், உனக்கு என்ன விருப்பம் என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "தோத்ததுக்காகப் போகல மாமா. நான் சின்னப் புள்ளையிலேருந்து கிரவுண்டுக்கு வாரேன். ஒரு நாளும் ஆட்டத்தப் பாத்ததில்ல. அப்பாவத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். இப்பவும் எனக்கு அவுகதான் தெரியிறாக, பந்து தெரியல."

அவனே விசிலைக் கழற்றி என் கையில் வைத்தான். பத்தாம் தேதி முதல் பஸ்ஸுக்குத் திருச்சி போய்விட்டான். போகும்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்து ஒரு விஷயம். உனக்குக் கோபம் வரும், வரட்டும். புது மேனேஜர் கண்டக்டர் பழனிவேல். ஆமாம், அவனேதான். ஒரு பெனால்ட்டி தகராறில் பன்னிரண்டு வருஷம் நீ முகம் கொடுத்துப் பேசாத அதே பழனிவேல். ஓட்டுப் போட்டோம். அவனுக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, அதுவும் அவன் போட்டது. செல்லையா இருந்த இடம் எனக்கு வேண்டாம் என்றான். நீ பேசாத ஆள் உன்னை எவ்வளவு மதித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கெஞ்சித்தான் சம்மதிக்கவைத்தோம்.

முதல் நாளே ராசேந்திரனை உட்காரவைத்துவிட்டான். ராசேந்திரன் எனக்குப் போன் பண்ணி, உயிர் வந்தது அண்ணே என்றான். முதல் ஆட்டத்திலும் தோற்றோம், இரண்டுக்கு ஒன்று. ஆனால் திரும்பி வரும்போது வேனில் ஒரே சண்டை. நீ ஏன் விட்டாய், நீ ஏன் ஓடவில்லை என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் முழுக்க யாரும் சண்டை போடவில்லை, துக்க வீட்டிலிருந்து வருவது மாதிரித்தான் வந்தோம். இது நன்றாக இருந்தது.

போன ஞாயிறு கார்த்தி லீவில் வந்திருந்தான். சாயங்காலம் அவனாகவே மைதானத்துக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை, சத்தியம். கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து நின்றான். உள்ளூர் ஆட்டம்தான். முதல் பாதி முழுக்கப் பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். நாம் ஒரு கோல் போட்டு, கோட்டோர நடுவர் ஆஃப்சைடு, செல்லாது என்று கொடியைக் காட்டவும் பழனிவேல் குதித்தான்.

கார்த்தி என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஆஃப்சைடுன்னா என்ன?"

ஒரு வருஷம் நம் அணிக்கு மேனேஜராக இருந்தவன், மாப்பிள்ளை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே உன்னுடையது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெயரைச் சொல்லி அவன்மேல் இனி எதையும் ஏற்றமாட்டேன். அவன் மைதானத்துக்கு வந்தால் பக்கத்தில் இடம் இருக்கும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

அவனுக்குத் தாய்மாமனாக ஆசைப்பட்டு, வெறும் மாமாவாக இருப்பதே போதும் என்று தேறிய

உன் மச்சான்,
ஞானப்பிரகாசம்