கண் பிடரியில் இல்லை

அப்பாவுக்கு,

ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நன்றாகத் தெரிகிறது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சின்ன வயதில் நான் டம்ளரைத் தட்டிவிட்டாலும் படியில் தடுக்கி விழுந்தாலும், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பீர்கள். கூடவே ஓர் அடி விழும். டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம், "அவளுக்குக் கவனம் பத்தாது, அவ்வளவுதான்" என்று வாயை அடைத்தீர்கள்.

கண் பிடரியில் இல்லையப்பா. பிறந்ததிலிருந்தே உள்ளே இருக்கும் லென்ஸ் இடம் நழுவி மேலே ஏறிக் கிடந்ததாம். அதை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸைக் கண்ணின் வெள்ளைப் பகுதியோடு தைத்து வைத்திருக்கிறார்கள்.

"இது பரம்பரையா வர்றது. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "இவ அப்பாவுக்கு இருந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னுட்டார்" என்றாள்.

உங்கள் மானம் போகக் கூடாது. என் மண்டை உடைந்தால் பரவாயில்லை.

நேற்று உங்கள் பேத்தியை அதே டாக்டரிடம் காட்டினேன். நான்கு வயதுதான், அவளுக்கும் லென்ஸ் நழுவியிருக்கிறது. அழுதாள். "பயப்படாதடி, தாத்தாவுக்கும் சின்னப் புள்ளையில இப்படித்தான் இருந்துச்சு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப தாத்தா என்னை அடிக்கிற மாதிரி தாத்தாவையும் அடிச்சாங்களா?"

உங்கள் வீட்டுக்கு இனி அவளை அனுப்ப மாட்டேன். பதிலை எழுதி அனுப்புங்கள், படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் மகள்