புல்லைப் பிடுங்கிய அண்ணி

என் கண்ணான கமலாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. மவுண்ட் ரோடு இப்போது அண்ணா சாலை ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் மட்டும் பழைய பேரையே கத்துகிறார்கள். உன் அண்ணன் இன்னமும் காலையில் இரண்டு பேப்பர் வாங்குகிறார், ஒன்று படிக்க, இன்னொன்று நீ செடிகளை அமுக்கிக் காயவைக்க. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் நிறுத்த மனசில்லை.

உனக்குச் சொல்ல ஊர்க்கதை நிறைய இருக்கிறது. ஆனால் எதை எடுத்தாலும் பேச்சு அந்த பிஸ்கட் டின்னில்தான் போய் நிற்கிறது. அதை இன்றைக்குப் பேசித் தீர்த்துவிடுகிறேன், கமலா.

வருஷா வருஷம் கல்லூரிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நீலகிரிக்குப் போவாய். மயிலாப்பூர் வீடு முழுக்கக் காய்ந்த செடிகளாகக் கொண்டுவந்து நிரப்புவாய். நான் முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவேன். அந்த ரோஜா நிறப் பூவை மட்டும் உன் நோட்டில் எத்தனை தரம் வரைந்திருப்பாய்! கிளி மூக்கு மாதிரி முனை வளைந்த பூ. அதன் பெயர் லத்தீனில் ஒரு முழம் இருக்கும், என் நாக்கில் ஏறவே இல்லை. "மொட்டு வாய் திறக்கிறத மட்டும் நான் பார்த்ததே இல்ல அண்ணி. நாங்க போறப்பவே எல்லாம் விரிஞ்சிருக்கும்" என்பாய்.

போன வருஷம் உனக்கு முகமெல்லாம் வீங்கிவிட்டது. மலைக்குப் போக முடியவில்லை. உனக்குப் பதிலாகப் போன ஷகிலா டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னில் மலைமண்ணும் புல்லுமாக அந்தச் செடியைப் பெயர்த்து எடுத்து வந்தாள். மூன்று மொட்டு. நீ டின்னைக் கிணற்றடி நிழலில் வைக்கச் சொன்னாய், ராத்திரி சாப்பிடாமல்கூட அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. கை சும்மா இருக்காது. டின்னைப் பார்த்தால் செடி எது, புல் எது என்றே தெரியவில்லை. பாவம், இந்தக் களை செடியை மூச்சு விட விடாது என்று தோன்றியது. உட்கார்ந்து ஒவ்வொரு புல்லாக வேரோடு பிடுங்கினேன். அரிசியில்கூட நான் அவ்வளவு சுத்தமாகக் கல் பொறுக்கியதில்லை. செம்மண்ணும் சாண எருவும் போட்டு, குளிரக் குளிரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். நீ வந்து பார்த்து மெச்சிக்கொள்வாய் என்று மனசுக்குள் ஒரே பெருமை.

மூன்றாம் நாள் இலை தொங்கிவிட்டது. அன்று சாயங்காலம் உப்பில்லாக் கஞ்சியோடு வந்தேனே, "மொட்டு எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டாய். உன் மனசு நோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஜோரா இருக்கு" என்றேன். மறுநாளும் கேட்டாய். "நீ வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்றேன். எட்டு நாள் வாய் கூசாமல் பொய் சொன்னேன், கமலா. ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தால்?

டாக்டர் கையை விரித்த பிறகுதான் உன்னை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நீ ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் நேரே கிணற்றடிக்குப் போனாய். டின்னைப் பார்த்தாய். என்னைத் திட்டுவாய் என்று நின்றேன்.

"புல் எங்க அண்ணி?"

"களையா? எல்லாத்தையும் எடுத்துட்டேனே."

நீ கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாய். "இது பாதி ஒட்டுண்ணி அண்ணி. பச்சை இலை இருக்கு, சோறு தானே ஆக்கிக்கும். தண்ணியும் உப்பும் மட்டும் பக்கத்துப் புல்லோட வேர்ல வேரைப் பதிச்சு எடுத்துக்கும்." தானே சமைக்கும், தண்ணீர் மட்டும் பக்கத்து வீட்டுக் குழாயில். நம் தெருவில் பாதிக் குடித்தனம் அப்படித்தான் நடக்கிறது, எனக்குப் புரியாதா? நீ முன்பே சொல்லியிருப்பாய். நீ செடியைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குத்தான் காது அடைத்துக்கொள்ளும்.

நான் செருப்புகூடப் போடாமல் கோயில் வாசலுக்கு ஓடினேன். பூக்காரி நாகம்மாளிடம் வேரோடு அருகம்புல் கேட்டேன். "இன்னாமா, புள்ளையாருக்கு வேரு இன்னாத்துக்கு? நுனியத்தான போடுவாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அயுவாதம்மா. குளத்தாண்ட நெறைய கீது, பிச்சிக்கினு வர்றேன்" என்று எழுந்து போனாள்.

கை நிறையப் புல் கொண்டுவந்து செடியைச் சுற்றி நட்டேன். நீ ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாய். "பிடிச்சுக்குமா கமலா?" என்றேன். "பிடிச்சுக்கும் அண்ணி. நாளைக்கே தெரியும் பாருங்க" என்றாய். நான்காம் நாள் செடி கருகிவிட்டது. அதற்குப் பதினோராம் நாள் நீ.

உன் கருமாதிக்கு வந்த ஷகிலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "மெட்ராஸ் வெயில்ல அது எப்படியும் பிழைச்சிருக்காதுக்கா. அந்தச் செடி புதுப் புல்லைப் பிடிக்கணும்னா வாரக்கணக்கா ஆகும். கமலாவுக்குத் தெரியாததா?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அப்படியானால் "நாளைக்கே தெரியும்" என்று நீ யாருக்காகச் சொன்னாய்? சாகக் கிடந்தவள் நீ. தேறுதல் எனக்கா?

போன வாரம் ஷகிலா வந்திருந்தாள். நீங்கள் போகும் அந்தச் சரிவில் தைல மரக் கன்று வைத்துவிட்டார்களாம். புல் பாதி போய்விட்டதாம். இன்னும் மேலே ஏறினால் அந்தச் செடி இருக்கலாம் என்கிறாள், நிச்சயமில்லை. இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். செங்கல்பட்டைத் தாண்டாதவள் நான். உன் அண்ணன் மறுநாள் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்து வைத்தார்.

எனக்கு வரையத் தெரியாது. அந்தப் பூவின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாது. மொட்டு கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வாய் திறக்கும் வரை பார்ப்பேன். முதலில் எந்தப் பக்கம் பிரிந்தது, எவ்வளவு நேரம் ஆனது, எல்லாவற்றையும் வந்து உனக்குச் சொல்வேன். மலை முழுக்கத் தேடியும் ஒன்றுகூட இல்லையென்றால், இல்லை என்றுதான் சொல்வேன், கமலா. ஜோராக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
இனி உன்னிடம் பொய் சொல்லாத
உன் அண்ணி ராஜம்